இலவசச் சிகிச்சையின் விலை: மலாவியில் குழந்தைப் புற்றுநோயும் குடும்பங்களின் அனுபவமும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை உரிய காலத்தில் உரிய சிகிச்சை கிடைத்தால் குணப்படுத்தத்தக்கவை. எனினும் குறைந்த வருவாய் நாடுகளில் சிகிச்சையைத் தொடங்கும் குழந்தைகளுள் பலர் அதனை நிறைவு செய்வதில்லை. மருத்துவ ஆய்வுலகம் இதனைச் ‘சிகிச்சையைக் கைவிடல்’ என்று வழங்குகிறது. தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் அரசு மருத்துவமனைகள் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கின்றன. அங்கும் குடும்பங்கள் சிகிச்சையின் இடையில் வீடு திரும்புகின்றன. மருத்துவமனைக் கட்டணத்திற்குப் புறம்பாகக் குடும்பம் ஏற்க நேரும் செலவுகளும் இழப்புகளும் எவை, அவை சிகிச்சையின் போக்கை எவ்வாறு தீர்மானிக்கின்றன, ‘கைவிடல்’ என்னும் சொல் அவ்வனுபவத்திற்குப் பொருந்துமா என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தைப் புற்றுநோய், மலாவி, புர்கிட் லிம்போமா, வில்ம்ஸ் கட்டி, உடனிருப்பவர், சிகிச்சை இடைநிற்றல்.

முன்னுரை

உலகில் ஆண்டுதோறும் 19 வயது வரையுள்ள ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. உயர் வருவாய் நாடுகளில் இவர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உடைய நாடுகள் பலவற்றில் இவ்வளவு 30 விழுக்காட்டுக்கும் கீழாக உள்ளது. காலந்தாழ்ந்து நோயறிதல், மருந்துத் தட்டுப்பாடு, சிகிச்சையின் நச்சு விளைவால் நேரும் இறப்பு, சிகிச்சையின் இடைமுறிவு ஆகியன இவ்வேறுபாட்டிற்கான காரணங்களாகச் சுட்டப்படுகின்றன.

இக்காரணங்களுள் இடைமுறிவு மட்டும் குடும்பத்தின் முடிவாகக் கருதப்படுகிறது. ஏனையவற்றை மருத்துவ அமைப்பின் குறைகளாகக் காணும் ஆய்வாளர்கள், இதனைப் பெற்றோரின் அறியாமையோடும் நம்பிக்கைகளோடும் இணைத்துக் காண்பதுண்டு. குடும்பத்தின் நிலையிலிருந்து நோக்கும்போது இம்முடிவு வேறொரு வடிவில் தெரிகிறது. அதனை விளக்குவதற்கு மலாவி பொருத்தமான களமாகும். சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாத நாட்டில் கட்டணத்தைக் காரணமாகக் கூற இயலாது. ஆகவே பிற காரணங்கள் அங்குத் தெளிவாகப் புலப்படுகின்றன.

1. நோயும் நாடும்

1958ஆம் ஆண்டில் உகாண்டாவின் கம்பாலா நகரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் புர்கிட், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் கட்டிகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 1961ஆம் ஆண்டில் அவரும் உடன் இருவரும் கிழக்கு, தென்னாப்பிரிக்கப் பகுதிகளில் ஏறத்தாழ 10,000 மைல் ஊர்தியில் பயணம் செய்து, எந்தெந்த ஊர்களில் இக்கட்டி காணப்படுகிறது எனக் கேட்டறிந்து நிலவரைபடத்தில் குறித்தனர். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில், மலேரியா பரவியுள்ள பகுதிகளில் இந்நோய் மிகுந்திருப்பது இதனால் தெரியவந்தது. பின்னர் இது புர்கிட் லிம்போமா எனப் பெயர் பெற்றது. 1964ஆம் ஆண்டில் இக்கட்டியின் செல்களிலிருந்து எப்ஸ்டீன்-பார் வைரஸ் கண்டறியப்பட்டது.

மலாவி இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நிலப்பகுதியில் அமைந்த நாடு. 2018ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.75 கோடி மக்கள் அங்கு வாழ்கின்றனர்; அவர்களுள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். பிளாண்டயர் நகரிலுள்ள குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையும், தலைநகர் லிலோங்வேயிலுள்ள கமுசு மத்திய மருத்துவமனையும் குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கும் முதன்மையான அரசு மருத்துவமனைகளாகும். புர்கிட் லிம்போமாவும், சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டியும் அங்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளிடம் பரவலாகக் காணப்படும் நோய்கள்.

பிளாண்டயரில் புர்கிட் லிம்போமாவுக்குச் சைக்ளோபாஸ்பமைடு மருந்தை அடிப்படையாகக் கொண்ட 28 நாள் சிகிச்சைத் திட்டம் உருவாக்கப்பட்டது. மேலைநாடுகளின் கடுமையான கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தாங்கும் மருத்துவ வசதி இல்லாத சூழலுக்கென வகுக்கப்பட்ட இத்திட்டம், மிகக் குறைந்த மருந்துச் செலவில் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளைக் காப்பாற்ற வழிவகுத்தது. மருந்து மலிவானது, சிகிச்சைக் காலமும் குறுகியது. இவ்விரண்டும் இருந்தும் இடைமுறிவு நேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

2. மருத்துவமனைக்கு வந்து சேரும் வழி

குடும்பத்தின் அனுபவம் புற்றுநோய்ப் பிரிவில் தொடங்குவதில்லை. குழந்தையின் பல் ஆடுவதையோ கன்னம் வீங்குவதையோ வயிறு பருப்பதையோ தாய் கண்ட நாளில் அது தொடங்குகிறது. மலேரியா நிலைகொண்ட பகுதியில் குழந்தைக்கு மண்ணீரல் வீங்குவது அரிதன்று. ஆகவே வயிற்று வீக்கம் தொடக்கத்தில் புற்றுநோய் பற்றிய ஐயத்தை எழுப்புவதில்லை. தாடை வீக்கம் பல்நோயாகக் கொள்ளப்படுகிறது. அருகிலுள்ள நலவாழ்வு நிலையம், மாவட்ட மருத்துவமனை, மத்திய மருத்துவமனை என ஒவ்வொரு படியிலும் நாட்கள் கழிகின்றன. புர்கிட் லிம்போமாவின் செல்கள் ஓரிரு நாட்களில் இருமடங்காகப் பெருகும் இயல்புடையவை. எனவே இரு வாரத் தாமதம் நோயின் நிலையையே மாற்றிவிடக்கூடும்.

இவ்வழியில் ‘சிங்கங்கா’ எனப்படும் மரபு மருத்துவரும் இடம்பெறுகிறார். இதனை மூடநம்பிக்கை என ஒதுக்குவது எளிது. ஆயின் குடும்பம் இரு வேறு வினாக்களுக்கு விடை தேடுகிறது. குழந்தைக்கு வந்துள்ள நோய் எது என்பது ஒன்று. ஊரில் இத்தனை குழந்தைகள் இருக்க இக்குழந்தைக்கு ஏன் வந்தது என்பது மற்றொன்று. மருத்துவமனை முதல் வினாவிற்கு மட்டுமே விடை கூறுகிறது. சிங்கங்கா வீட்டிற்கு அருகில் இருப்பவர். தாயின் மொழியில் பேசுபவர். கட்டணத்தைத் தவணையாகவோ பொருளாகவோ பெறக்கூடியவர். நெடுந்தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லும் முன் அவரை நாடுவது அக்குடும்பத்தின் சூழலில் இயல்பான முடிவாகும்.

பயணமும் எளிதன்று. ஊரிலிருந்து முதன்மைச் சாலை வரை ‘கபாசா’ எனப்படும் வாடகை மிதிவண்டியின் பின்னிருக்கையிலும், பின்னர் சிற்றுந்திலும் நோயுற்ற குழந்தையைக் கொண்டுவர வேண்டும். மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டவரை மாவட்ட மருத்துவமனையின் ஊர்தி ஏற்றிவரக்கூடும். அடுத்தடுத்த சுற்றுச் சிகிச்சைக்கு வந்துபோகும் செலவு குடும்பத்தைச் சேர்ந்தது.

3. உடனிருப்பவர்

மலாவியின் மருத்துவமனைகளில் செவிலியர் எண்ணிக்கை மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு நோயாளியுடனும் உறவினர் ஒருவர் தங்க வேண்டியுள்ளது. குழந்தையைக் குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், துணி துவைத்தல், இரவில் காய்ச்சல் ஏறினால் செவிலியரை அழைத்தல் ஆகியன அவர் பணிகள். சிச்சேவா மொழியில் இவர் ‘ஒடிகிரிரா’ எனப்படுகிறார். காத்திருத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து பிறந்த சொல் இது. பெயர் காத்திருப்பைக் குறித்தாலும், செய்வது ஊதியமற்ற செவிலிப்பணியாகும். இவரின்றி மருத்துவமனை இயங்க இயலாது. எனினும் மருத்துவமனையின் வரவுசெலவுக் கணக்கில் இவருடைய உழைப்பு இடம்பெறுவதில்லை.

பெரும்பாலும் தாயே உடனிருப்பவர். பகலில் கட்டிலருகிலும், இரவில் தரையிலோ உடனிருப்போருக்கான கொட்டகையிலோ தங்குகிறார். மக்காச்சோள மாவைக் கிளறிச் செய்யும் ‘ன்சிமா’ அந்நாட்டின் அன்றாட உணவு. தம் உணவிற்கான மாவையும் விறகையும் அவரே தேடிக்கொள்ள வேண்டும். கைக்குழந்தை இருப்பின் அதுவும் அவருடன் புற்றுநோய்ப் பிரிவிலேயே வளர்கிறது.

இப்பிரிவில் புதிதாக வரும் தாய்க்கு முதலில் வழிகாட்டுபவர் பெரும்பாலும் சில வாரங்களுக்கு முன் வந்த மற்றொரு தாயாவார். முடி உதிர்வது சிகிச்சையின் விளைவே என்பதையும், எந்த அறிகுறிக்கு உடனே அழைக்க வேண்டும் என்பதையும் அவரே கூறுகிறார். நோயைக் குறிக்கச் சிச்சேவா மொழியில் வழங்கும் ‘கன்சா’ என்பதும் ஆங்கிலக் கடன்சொல்லே. மருத்துவர் அச்சொல்லைக் கூறுவதால் மட்டும் பொருள் விளங்கிவிடுவதில்லை. குணமடைந்து மறுபரிசோதனைக்கு வரும் குழந்தையைக் காண்பது எந்த விளக்கத்தைக் காட்டிலும் நம்பிக்கை தருகிறது. மறுபுறம், பக்கத்துக் கட்டிலில் நேரும் இறப்பு பிரிவு முழுவதையும் பாதிக்கிறது. ஒரே மருந்தைப் பெற்ற குழந்தை இறந்ததைக் கண்ட தாய், தம் குழந்தைக்கு அம்மருந்தை ஏற்றுவதைப் பற்றி மீண்டும் எண்ணத் தொடங்குவதில் வியப்பில்லை.

4. சிகிச்சைக் காலமும் விதைப்புக் காலமும்

மலாவியின் சிறு உழவர்கள் ஆண்டுக்கு ஒரு மழைப்பருவத்தையே நம்பியுள்ளனர். நவம்பர், டிசம்பர் மாதங்களில் முதல் மழை விழுந்ததும் மக்காச்சோளம் விதைக்கப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை நிகழ்கிறது. முந்தைய ஆண்டின் தானியம் தீர்ந்துவிடும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் பசிக்காலமாகும். விதைப்பிலும் களையெடுப்பிலும் பெண்களின் உழைப்பு பெரும் பங்கு வகிக்கிறது.

டிசம்பர் முதல் வாரத்தில் 28 நாள் சிகிச்சைக்காகச் சேர்க்கப்படும் குழந்தையின் தாய் அவ்வாண்டின் விதைப்பைப் பெரும்பாலும் இழக்கிறார். அதன் விளைவு அம்மாதத்தோடு முடிவதில்லை. அடுத்த ஏப்ரலில் அறுவடை குறைகிறது. அதற்கடுத்த ஜனவரியில் வீட்டிலுள்ள பிள்ளைகள் பசியால் வாடுகின்றனர். பசிக்காலத்தில் குடும்பங்கள் பிறர் நிலத்தில் ‘கன்யு’ எனப்படும் கூலிவேலைக்குச் செல்வதுண்டு. தாய் மருத்துவமனையிலும், தந்தை வீட்டுப் பிள்ளைகளைக் காக்கும் பணியிலும் இருப்பின் அக்கூலியும் குறைகிறது. ஆடோ கோழியோ விற்று முதல் பயணத்திற்குப் பணம் திரட்டிய குடும்பத்திற்கு இரண்டாம் பயணத்திற்கு விற்க ஏதும் இராது.

வில்ம்ஸ் கட்டியில் இச்சிக்கல் மேலும் நீள்கிறது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் வின்கிறிஸ்டின், டாக்டினோமைசின் மருந்துகள், பின்னர் சிறுநீரகத்தை அகற்றும் அறுவைச் சிகிச்சை, அதன்பின் மீண்டும் மருந்து என அச்சிகிச்சை பல மாதங்களுக்குத் தொடரக்கூடியது. குழந்தைகள் பலர் பெரிய கட்டியுடனும் ஊட்டச்சத்துக் குறைவுடனும் வந்து சேர்கின்றனர். ஊட்டக்குறைவுள்ள மலாவிக் குழந்தைகளின் உடலிலிருந்து வின்கிறிஸ்டின் மெதுவாகவே வெளியேறுகிறது என்பதை 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது குடும்பத்தின் பசி, மருந்து உடலில் செயற்படும் விதத்தையே மாற்றுகிறது. வறுமையும் நோயும் தனித்தனியே நோக்கத்தக்கவை அல்ல என்பதற்கு இது சான்றாகும்.

5. முடிவெடுப்போர்

மலாவியின் தெற்கு, நடுப்பகுதிகளில் வாழும் செவா, யாவோ, லோம்வே இனத்தவரிடம் தாய்வழி மரபு நிலவுகிறது. அங்குத் தாயின் உடன்பிறந்தவரான ‘மலுமே’யின் சொல் குடும்ப முடிவுகளில் எடையுடையது. தாய்மாமனின் இடத்தை நன்கறிந்த தமிழ்ச் சமூகத்திற்கு இது புரியாததன்று. வடபகுதியில் தந்தைவழி உறவினரின் குரல் மேலோங்குகிறது.

குழந்தையின் சிறுநீரகம் ஒன்றை அகற்ற வேண்டும் என மருத்துவர் கூறும்போது, கட்டிலருகில் இருக்கும் தாயால் தனித்து ஒப்புதல் அளிக்க இயலாத நிலை ஏற்படக்கூடும். ஒப்புதலின்றி அறுவைச் சிகிச்சை நடந்து குழந்தை இறந்துவிட்டால், பழி அவர்மீதே விழும். அவர் காலம் கேட்கிறார். ஊருக்குச் செய்தி அனுப்புகிறார். சில வேளைகளில் நேரில் கலந்துபேசக் குழந்தையுடன் ஊர் செல்கிறார். மருத்துவமனைப் பதிவேட்டில் இது சிகிச்சை மறுப்பாகப் பதியப்படுவதுண்டு. குடும்பத்தைப் பொறுத்தவரை ஆலோசனை இன்னும் முடியவில்லை. அறுவைச் சிகிச்சை பற்றிய உரையாடலை முதல் வாரத்திலேயே தொடங்கி, முடிவெடுக்கும் உறவினரையும் அழைத்துப் பேசுவது இவ்விடைவெளியைக் குறைக்க உதவும்.

6. குணமடைந்த தோற்றமும் குணமடையாத நிலையும்

புர்கிட் லிம்போமா மருந்திற்கு விரைவாக இணங்கும் நோய். முகத்தை உருக்குலைத்த வீக்கம் முதல் மருந்திற்குப் பின் சில நாட்களிலேயே வடியக்கூடும். மறைந்த கட்டியின் எஞ்சிய செல்கள் மீண்டும் பெருகும் என்பதை மருத்துவர் அறிவார். தாயின் கண்முன் இருப்பதோ உண்ணவும் விளையாடவும் தொடங்கிய குழந்தை. மலேரியாவிற்கும் நுரையீரல் அழற்சிக்கும் முன்னர்ச் சிகிச்சை பெற்ற அனுபவம், உடல் தேறினால் வீடு திரும்பலாம் என்றே அவருக்குக் கற்பித்துள்ளது. விதைப்பும் பிற பிள்ளைகளும் வீட்டில் காத்திருக்கையில், தேறிய குழந்தையை மீண்டும் வாந்திக்கும் காய்ச்சலுக்கும் ஆளாக்கும் மருந்துக்காகத் தங்குவதற்கு வலுவான காரணம் தேவைப்படுகிறது. அக்காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில், ஒரு முறைக்குப் பல முறை கூறுவது சிகிச்சையின் பகுதியாகும்.

இதற்கு நேர்மாறான சூழலிலும் குடும்பங்கள் வீடு திரும்புகின்றன. நோய் முற்றிய குழந்தையை உயிருடன் பேருந்தில் அழைத்துச் செல்லலாம். நகரில் இறந்தால் உடலை ஊருக்குக் கொண்டுசெல்லத் தனி ஊர்தி வேண்டும். அச்செலவு பலருக்கு எட்டாதது. பிறந்த மண்ணில், உறவினர் சூழ அடக்கம் செய்வது அவர்களுக்குத் தவிர்க்கவியலாத கடமை. இந்நிலையில் சொல்லாமல் புறப்பட்டுச் செல்லும் குடும்பம், வலிதணிக்கும் மருந்தும் இன்றியே செல்கிறது. வீடு திரும்பும் விருப்பத்தை வெளிப்படையாகக் கூறும் சூழல் இருப்பின், நோய்தணிப்பு மருந்துகளையேனும் உடன் கொடுத்தனுப்ப இயலும்.

7. ‘கைவிடல்’ என்னும் சொல்

குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சையைத் தொடங்காதிருத்தல், அல்லது நான்கு வாரங்களோ அதற்கு மேலோ தொடராதிருத்தல் என்பதே பன்னாட்டு ஆய்வுகளில் ‘சிகிச்சையைக் கைவிடல்’ என்பதற்கு வழங்கும் வரையறை. நாடுகளையும் மருத்துவமனைகளையும் ஒப்பிட இவ்வரையறை பெரிதும் பயன்படுகிறது. ஆயின் அச்சொல் கைவிட்டவர் ஒருவரையும் கைவிடப்பட்டவர் ஒருவரையும் முன்வைக்கிறது. தமிழில் ‘கைவிடுதல்’ என்பது பற்றுக்கோடின்றி விட்டுவிடுதலைக் குறிக்கும் கடுஞ்சொல். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்காகத் திரும்பிய தாயை இச்சொல்லால் குறிப்பது, அவர் எந்தக் குழந்தையையும் கைவிட விரும்பவில்லை என்னும் உண்மையை மறைத்துவிடுகிறது.

கல்வித்துறையில் பள்ளிப்படிப்பைத் தொடர இயலாமற்போவதைத் தமிழ் ‘இடைநிற்றல்’ என வழங்குகிறது. இச்சொல் நிகழ்வை மட்டும் கூறுகிறது. காரணத்தை ஆய்விற்கு விட்டுவைக்கிறது. அதனை ஒட்டிச் ‘சிகிச்சை இடைநிற்றல்’ என்னும் கலைச்சொல்லைத் தமிழ் ஆய்வுகள் மேற்கொள்ளலாம். சொல்லை மாற்றுவதால் மட்டும் நிலைமை மாறிவிடாது. எனினும் பள்ளியில் இடைநிற்றலுக்குக் காரணம் தேடிய சமூகம் மதிய உணவையும் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தையும் விடையாகக் கண்டது. வினா எழுப்பப்படும் முறையே விடையின் திசையைக் காட்டியது.

8. இடைநிற்றல் குறைந்த அனுபவம்

2008ஆம் ஆண்டில் ட்ரைன் இஸ்ரேல்ஸ் உள்ளிட்ட மருத்துவர்கள், மலாவியில் குழந்தைகளுடன் தங்குவோரின் பார்வையையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு கட்டுரை வெளியிட்டனர். இப்பார்வை பின்னர்ச் செயல்வடிவம் பெற்றது. 2014ஆம் ஆண்டில் மலாவி உள்ளிட்ட சில ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகள் இணைந்து வில்ம்ஸ் கட்டிக்கான கூட்டுத்திட்டம் ஒன்றைத் தொடங்கின. உள்ளூர்ச் சூழலுக்கு ஏற்ற ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றுவதோடு, சிகிச்சையை நிறைவு செய்யக் குடும்பங்களுக்குத் துணைநிற்பதும் அதன் நோக்கமாக இருந்தது. பயணச் செலவிற்கு உதவுதல், தங்குமிடம் அளித்தல், வராதவரைத் தொடர்புகொண்டு அழைத்தல் முதலியன இத்தகைய துணைநிற்றலின் வழிகள்.

2018ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, திட்டத்திற்கு முன் 23 விழுக்காடாக இருந்த இடைநிற்றல் 12 விழுக்காடாகக் குறைந்தது. சிகிச்சையின்போது நேர்ந்த இறப்பு 21 விழுக்காட்டிலிருந்து 13 விழுக்காடாகக் குறைந்தது. சிகிச்சை முடிவில் நோயின் தடயமின்றி உயிருடனிருந்த குழந்தைகளின் அளவு 52 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 69 விழுக்காடாக உயர்ந்தது. இம்முன்னேற்றத்திற்குப் புதிய மருந்து எதுவும் காரணமன்று. பல்லாண்டுகளாக வழக்கிலுள்ள மருந்துகளே பயன்பட்டன. குடும்பங்களின் நம்பிக்கைகளும் சில ஆண்டுகளில் அடியோடு மாறியிருக்க வாய்ப்பில்லை. அறியாமையே இடைநிற்றலின் முதன்மைக் காரணம் என்னும் கருத்தை இத்தரவு வலுவிழக்கச் செய்கிறது.

எனினும் 12 விழுக்காடு எஞ்சியுள்ளது. எல்லா இடைநிற்றலையும் பயணச் செலவால் விளக்க இயலாது. உறுப்பை அகற்றுவது பற்றிய அச்சம், உறவினரின் எதிர்ப்பு, இழந்துவிட்ட நம்பிக்கை ஆகியன பணத்தால் தீராதவை. அவற்றிற்கு உரையாடலும் காலமும் தேவை.

முடிவுரை

உலக நலவாழ்வு நிறுவனம் 2018ஆம் ஆண்டில் குழந்தைப் புற்றுநோய்க்கான உலகளாவிய முன்னெடுப்பைத் தொடங்கியது. 2030ஆம் ஆண்டிற்குள் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் குறைந்தது 60 விழுக்காட்டினரேனும் உயிர்பிழைக்கச் செய்வது அதன் இலக்கு. புர்கிட் லிம்போமாவும் வில்ம்ஸ் கட்டியும் அது முன்னுரிமை தந்துள்ள ஆறு நோய்வகைகளுள் அடங்கும். தரமான மருந்துகளைக் கட்டணமின்றி வழங்கும் முயற்சியும் நடைபெற்று வருகிறது.

மருந்து இலவசமாவது இன்றியமையாதது. ஆயின் போதுமானதன்று என்பதை மலாவியின் அனுபவம் உணர்த்துகிறது. அங்குக் குடும்பங்கள் செலுத்தும் விலை விதைக்கப்படாத நிலத்திலும், விற்ற ஆட்டிலும், தாயின்றி வீட்டில் கழியும் பிற பிள்ளைகளின் மாதங்களிலும் அடங்கியுள்ளது. பயணம், உடனிருப்பவரின் உணவு, வீட்டிலுள்ளோரின் பாதுகாப்பு ஆகியவற்றைச் சிகிச்சைச் செலவின் பகுதியாகவே திட்டமிடுவது அறக்கொடையன்று. குணப்படுத்தும் வாய்ப்பைக் கூட்டும் மருத்துவ நடவடிக்கையாகும். வீட்டில் தங்கிவிடும் தந்தையரும் உடன்பிறந்தோரும் இந்நோயை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது தனியே ஆராயத்தக்கது. சிகிச்சையின் இடையில் காலியாகும் ஒரு கட்டிலைக் காணும் ஆய்வாளர், அக்குடும்பம் ஏன் சென்றது என்பதோடு, அது தங்குவதற்கு என்ன தேவைப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.